ஒரு ஸ்பீக்கர் அண்ணனுக்கு, ஒரு ஸ்பீக்கர் தம்பிக்கு

போன வாரம் கீழ்க்கட்டளையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு ஜூனியர் போன் பண்ணினார். "சார், ஒரு கஸ்டமர் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கொண்டாந்து வெச்சிருக்காரு. ஸ்பீக்கர் மாட்டாம சும்மா ஒருவாட்டி ஆன் பண்ணிப் பாத்துடட்டுமா?" என்றார்.

"தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் என் மனைவி கரண்டியோடு ஹாலுக்கு ஓடி வந்தாள். நான் ரிடையர் ஆனவன். கண்ணும் இடுப்பும் கூட்டுச் சதி செய்து ஐம்பத்தைந்து வயதிலேயே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. கைக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. பதற்றத்துக்கு மட்டும் ரிடையர்மென்ட் ஆர்டர் இன்னும் வரவில்லை.

ஜூனியர் விடுவதாக இல்லை. "ஏன் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க சார், நம்ம மெக்கானிக் குரூப்ல போடறேன்" என்றார். கண்ணாடிக் குமிழ் சிவந்து எரிகிற இந்த வால்வு செட்டுக்கெல்லாம் எங்கள் ஆட்கள் எப்போதோ பால் ஊற்றிக் காரியம் செய்துவிட்டோம். இப்போது ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்து நடு ஹாலில் வைத்து, சூடான சத்தம், சூடான சத்தம் என்று உருகுகிறார்கள். சூடுதான், யார் இல்லை என்றது? மேலே மாவு ஊற்றினால் தோசை வரும்.

நான் தொழில் கற்ற கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் ரேடியோ-டிவி படித்தேன். எப்படிப் பாஸானேன் என்பது எனக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. மேற்குத் தாம்பரத்தில் காதர் பாய் கடையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு டிவியைத் திறந்து, தொடக் கூடாத இடத்தைச் சரியாகத் தொட்டு, பின்பக்கமாகப் பறந்து போய், ரிப்பேர் முடிந்து டெலிவரிக்குத் தயாராக இருந்த இன்னொரு டிவியின் மேல் உட்கார்ந்தேன். காதர் பாய் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அடியில் இருந்த டிவியைப் பார்த்தார். "இது நல்லா இருந்துச்சே" என்றார். அவர் எனக்கு நடத்திய இன்டர்வியூ அதுதான். வேலை நிரந்தரமாகிவிட்டது.

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். எந்தக் கோடையிலும் வெள்ளை முழுக்கைச் சட்டை. வேலையைத் தொடுமுன் கையை மூன்று மடிப்பு மடிப்பார்; அயர்ன் பண்ணின மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் அதே மூன்று மடிப்பையும் பிரித்து விடுவார். மடிப்பு பிரிந்துவிட்டால் அன்றைக்கு அந்த மெஷினைப் பற்றிப் பேச்சே கிடையாது. திட்ட மாட்டார். "அப்புறம்?" என்பார். நாம் ஒரு சாக்கு சொல்வோம். "அப்புறம்?" என்பார். இன்னொரு சாக்கு. மூன்றாவது "அப்புறம்?" வருவதற்குள் நம் வாயாலேயே எல்லாவற்றையும் கக்கியிருப்போம். போலீசில் சேர்ந்திருந்தால் லத்தியே தேவைப்பட்டிருக்காது.

வால்வு செட் என்று வந்தால் மட்டும் இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். வலது கை மட்டும்தான் உள்ளே போகும். ரெண்டு கையும் உள்ளே போனால் கரண்டு ஒரு கை வழியாக ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்பது காரணம். எனக்கும் கற்றுக்கொடுத்தார். நானும் பாக்கெட்டில் கையை விட்டுக்கொள்வேன். என் கை அங்கே நடுங்கிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது என்பது எனக்குக் கூடுதல் வசதி.

ஸ்பீக்கர் மேட்சிங்கை அவர் சொல்லிக்கொடுத்த விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓம் என்பது கரண்டை மறிக்கிற முரண்டு. வால்வு பெரிய இடம், ஆயிரக்கணக்கில் முரண்டு உள்ள மாப்பிள்ளை வீடு. ஸ்பீக்கர் சாதாரணக் குடும்பம், எட்டு ஓம், பதினாறு ஓம். ரெண்டு வீட்டையும் நேராகப் பேச விட்டால் சம்பந்தம் நடக்காது. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒரு கல்யாணத் தரகர். மாப்பிள்ளை வீட்டு பாஷையைப் பெண் வீட்டு பாஷையாக மாற்றிச் சொல்வது அவர் வேலை. ஸ்பீக்கர் எட்டு ஓம் என்றால் தரகருடைய எட்டு ஓம் ஒயரில் மாட்ட வேண்டும், பதினாறு என்றால் பதினாறில்.

"சரி பாய், ஸ்பீக்கரே மாட்டலன்னா?"

"தரகர் பொண்ணு வீட்டுக்குப் போறாரு, வீடு பூட்டிக் கெடக்கு. பின்னாடி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க லாரி லாரியா வந்து எறங்கிக்கிட்டே இருக்காங்க. அடி யாருக்கு விழும்?"

"தரகருக்கு."

"அவ்ளோதான்."

இது டிரான்சிஸ்டர் செட்டுக்கு நேர் தலைகீழ். டிரான்சிஸ்டர் செட்டில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் பத்திரம். ஒயர் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் ஆபத்து. நான் கை பழகியதெல்லாம் டிரான்சிஸ்டர். தகராறு என்றால் முதலில் ஸ்பீக்கரைக் கழற்று என்று என் விரலுக்கே தெரியும். மூளைக்குத் தெரிந்ததெல்லாம் விரலுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகும். அதற்கு நடுவில்தான் முடிச்சூர் கேஸ் வந்தது.

செல்போனில் இன்கமிங் இலவசமாகி, எல்லாரும் எதற்கென்றே தெரியாமல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திரிந்த சமயம். வீட்டுக்கு வீடு விசிடி பிளேயர், அதோடு ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு பெரிய டப்பாவும் சேர்ந்த அசெம்பிள் செட். அஸ்தினாபுரம், குரோம்பேட்டை என்று நாங்கள் மாட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தோம். முடிச்சூரில் நெல் விளைந்த இடமெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்தது. மனை விற்ற வீடுகளில் எல்லாம் முதலில் வருவது கிரில் கேட், அடுத்து இந்த ஐந்து ஸ்பீக்கர்.

அங்கிருந்து ஏழுமலை என்பவர் போன் பண்ணினார். "எங்கப்பாவோட வால்வு செட்டு. திடீர்னு ஊமையாயிடுச்சு. உடனே ஆள அனுப்பு." அன்று வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போக வேண்டும். "நீ போய்ப் பாரு" என்று என்னை அனுப்பினார். மொபெட்டில் மீட்டரையும் பையையும் கட்டிக்கொண்டு போனேன்.

பழைய ஓட்டு வீடு. நீளமான ஹால். உள்ளே நுழைந்தவன் கால் தடுக்கி விழப் போனேன். ஹாலுக்கு நடுவே, வாசலிலிருந்து பின் சுவர்வரை, ஒரு வரிசை செங்கல் பதித்துக் கலவை பூசியிருந்தது. அந்தப் பக்கம் கொத்தனார் ஒருவர் பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

"தாண்டாதப்பா, அது என் தம்பி பாகம்" என்றார் ஏழுமலை.

பாகப்பிரிவினை. அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மனை பாதி, மாடு பாதி, ஹாலும் பாதி. நடுவில் சுவர் எழும்பப் போகிறது. அப்பா ஆசையாக வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ரம்பம் வைத்து அறுக்க முடியாததால் அது மூத்தவருக்கு. ஸ்பீக்கர் பெட்டிதான் ரெண்டு இருக்கிறதே? ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. தம்பி தாமு ஏற்கெனவே ஒரு ஐந்து ஸ்பீக்கர் செட் வாங்கித் தெருவையே அதிர விட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஸ்பீக்கர் அவருக்குத் தேவையே இல்லை. ஆனால் பங்கு பங்குதானே? அதையும் செங்கலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, மேலே துண்டு போர்த்தி வைத்திருந்தார்.

வேலையை ஆரம்பித்தேன். என் விரல் எனக்கு முன்னாடி போய் ஏழுமலை பக்கத்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி வைத்தது. பத்திரமாம். பிறகு ஆன் பண்ணினேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சத்தத்தை முழுசாகத் திருகி வைத்து, இன்புட்டில் விரலை வைத்தேன். உயிருள்ள செட் என்றால் விரல் பட்டதும் "ம்ம்ம்" என்று உறுமும்.

உறுமியது. ஆனால் ஸ்பீக்கரில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே, இரும்புக்குள்ளே யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி. இது என்னடா அதிசயம் என்று காதைப் பக்கத்தில் கொண்டு போனேன். "டிக்" என்றது. வால்வுக்கு அடியில் நீலமாக ஒரு பொறி. இன்னொரு "டிக்". மூன்றாவது டிக்குக்கு நான் அங்கே இல்லை. செங்கல் வரிசையைத் தாண்டித் தம்பி பாகத்தில் கொத்தனார் மடியில் இருந்தேன். பீடி என் சட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது.

"யோவ், தாண்டாதன்னு சொன்னேன்ல!" என்று ஏழுமலை கத்துகிறார். செட் எரிகிறது என்பது அவர் கவலை இல்லை. எல்லைப் பிரச்சினை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மா நிதானமாக நடந்து வந்து மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இன்னாப்பா மெக்கானிக்கு, நீ ஓடற ஓட்டத்துல செட்டு பயந்துகினு வாயத் தொறக்க மாட்டேங்குதோ?" என்றார். அவர்தான் ஜெகதா அம்மா. ஏழுமலையையும் தாமுவையும் பெற்ற தாய் சின்ன வயதிலேயே போய்விட, அப்பா கட்டிக்கொண்டு வந்த சின்னம்மா. சொந்தமாகப் பிள்ளை இல்லை. இந்த ரெண்டு பேரையும் வளர்த்ததுதான் வேலை.

வெளியே போய்ப் பாய்க்குப் போன் போட்டேன். "பாய், நீலமா பொறி வருது பாய். டிரான்ஸ்ஃபார்மர் முனகுது பாய்."

"ஸ்பீக்கர் எங்க இருக்கு?"

"ஒண்ணு இங்க. ஒண்ணு தம்பி வீட்ல."

"தம்பி வீடு எங்க?"

"நாலடி தள்ளி பாய்."

"அப்புறம்?" என்றார். கழற்றிய ஒயர்முதல் கொத்தனார் மடிவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எதையும் தொடாம தள்ளி ஒக்காரு. தொழுகை முடிச்சுட்டு வர்றேன்" என்றார்.

உட்கார்ந்தேன். ஜெகதா அம்மா சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். கொடுத்த கையோடு குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்பா, ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே ரூம்ல இருந்தாதான் பாடும்னு சொல்லேன்."

"ஏம்மா?"

"செவுரு வந்துச்சுன்னா என் கட்டிலு எங்க போடறது? நாப்பது வருசமா நடு ஹால்லதான் படுக்குறேன். பெரியவன் பாதியிலயும் எடமில்ல, சின்னவன் பாதியிலயும் எடமில்ல. பெரிய மனுசங்க உக்காந்து என்னையும் பங்கு போட்டுட்டானுங்க. ஒரு மாசம் இவன் வூடு, ஒரு மாசம் அவன் வூடு. நான் இன்னா கேஸ் சிலிண்டரா, மாசத்துக்கு மாசம் மாத்தி மாத்தி வெக்க?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். டீ தம்ளரை அலம்பிக்கொண்டே சொன்னார். "பாசமில்லாமலாம் இல்ல. ரெண்டும் தங்கமான புள்ளைங்க. அளந்து பாதி பண்ணுற கிறுக்குதான் புடிச்சிகினு கீது."

"சொல்லிடறேம்மா" என்றேன். ஒரு பொய்தானே? ஓம்மைப் பற்றி முடிச்சூரில் யாருக்குத் தெரியப் போகிறது?

பாய் வந்தார். செங்கல் வரிசையைப் பார்த்தார், துண்டு போர்த்திய ஸ்பீக்கரைப் பார்த்தார். சட்டைக் கையை மூன்று மடிப்பு. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த கரண்டை ஒரு ரெசிஸ்டர் வைத்து மெதுவாக இறக்கினார். இடது கை பாக்கெட்டில். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளை மீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பொழச்சுக்கிச்சு" என்றார். எனக்குப் போன உயிர் அப்போதுதான் மொபெட்டில் ஏறித் திரும்பி வந்தது.

பிறகு ஸ்பீக்கர் ஒயரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தடவிக்கொண்டே போனார். சுவரோரமாக ஓடிய ஒயர், செங்கல் வரிசைக்கு நேராக, கத்தரித்த மாதிரி நின்றது. கத்தரித்த மாதிரி என்ன, கத்தரித்ததேதான்.

"இது யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றார் ஏழுமலை, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். "என் ஒயரு அவன் பாகத்துல போயிகினு இருந்துச்சு. எல்லைல வெட்டிட்டேன். இந்தப் பக்கம் என் ஸ்பீக்கருக்கு வர்ற ஒயர நான் தொடலியே. இது பாடணும்ல?"

விஷயம் இதுதான். ரெண்டு எட்டு ஓம் ஸ்பீக்கரையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, தொடராக மாட்டி, மொத்தம் பதினாறு ஓம் ஆக்கி, பதினாறு ஓம் ஒயரில் கொடுத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிளம்புகிற சத்தம் அண்ணன் ஸ்பீக்கருக்குள் புகுந்து, தம்பி ஸ்பீக்கருக்குள் புகுந்துதான் வீடு திரும்பும். ஒன்றை வெட்டினால் ரெண்டும் ஊமை. எல்லையில் கத்தரி வைத்த அன்றைக்கே தரகர் பூட்டிய வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். சத்தம் வரவில்லையே என்று ஏழுமலை திருகத் திருக, மாப்பிள்ளை வீட்டு லாரிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. மிச்சம் மீதி லாரியை நான் போய் இறக்கினேன்.

பாய் ரெண்டு ஸ்பீக்கரையும் மீட்டரில் பார்த்தார். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் எட்டு காட்டாது; ஆறு, ஆறரை காட்டும். பாடும்போதுதான் அது எட்டு. ஏழுமலைக்கு இது தெரியாது. மீட்டருக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்னுது ஆறு காட்டுது, அவனுது ஆறரை காட்டுது! பாத்தியா, அதிகமானத அவனுக்குக் குடுத்துட்டாங்க!"

செங்கலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாமு, "கொடுத்தது கொடுத்ததுதான், இப்ப வந்து பேஜார் பண்ணாத" என்றார்.

"ஓம் ஜாஸ்தின்னா சொத்து ஜாஸ்தின்னு அர்த்தமில்ல அண்ணே" என்றார் பாய், தலை நிமிராமல். "முரண்டு ஜாஸ்தி."

ஜெகதா அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஏழுமலை நேராகப் பாயைக் கேட்டுவிட்டார்: "பாய், அவன் ஸ்பீக்கர் வேணாம். என் ஒரு ஸ்பீக்கர்லயே பாடுமா, பாடாதா?"

"பாடும்" என்றார் பாய்.

எனக்கு ஸ்டவ்வில் இருக்கிற பாலைக் கொட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு வார்த்தை. "பாடாது" என்று சொல்ல என்ன செலவு? ஜெகதா அம்மா உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து பெருக்க ஆரம்பித்தார். பெருக்கிய இடத்தையே பெருக்கினார்.

டிரான்ஸ்ஃபார்மரில் உபயோகப்படாத ரெண்டு ஒயர்கள் டேப் சுற்றி மடங்கிக் கிடந்தன. எது எட்டு, எது நாலு என்று எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. பாய் பைக்குள்ளிருந்து சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து, பதினாறு ஓம் ஒயரில் கொஞ்சமாக வோல்டேஜ் கொடுத்து, மற்றதை அளந்தார். "இது பாதி காட்டுது, அப்ப நாலு ஓம்" என்றார் என்னிடம். "பாதி வோல்டேஜ்னா எட்டுன்னு நெனச்சுடாத. ஓம் நாலுல ஒரு பங்கானாதான் வோல்டேஜ் பாதியாகும். பாதிக்கும் முழுசுக்கும் நடுவுல காட்டுது பாரு, இதான் எட்டு." ஈயம் வைத்தார். ஏழுமலையின் ஸ்பீக்கரைத் தனியாக எட்டு ஓம்மில் மாட்டினார். மாட்டியாகிவிட்டதா என்று இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் பிளக்.

வீட்டில் இருந்த ரேடியோவை இன்புட்டில் கொடுத்தார். நாதஸ்வரம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, என் சட்டை ஓட்டையைக்கூட மறந்துவிட்டேன். கொத்தனார் பீடியைக் கீழே வைத்தார்.

"சத்தமா வை, சத்தமா வை" என்றார் ஏழுமலை. வர்ற வாரம் அவர் பேரனுக்குக் காதுகுத்து. தாமுவின் ஐந்து ஸ்பீக்கரை அப்பா செட்டால் அமுக்கிக் காட்டுவதுதான் திட்டம். அவரே வந்து திருகினார். பாதியைத் தாண்டியதும் ஸ்பீக்கர் "கொர்ர்ர்" என்றது. நாதஸ்வரக்காரருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி.

"என்ன பாய் இது?"

"ரெண்டு பேர் தூக்கின மூட்டைய ஒருத்தன் தூக்குறான். ஸ்பீக்கர்ல இருக்கறது பழைய காகிதம் அண்ணே. இதுக்கு மேல திருகினா கிழிஞ்சுடும். ஒரு ஸ்பீக்கர்ல பாடுமான்னு கேட்டீங்க, பாடும். தெருவுக்குக் கேக்கணும்னா ரெண்டும் வேணும்."

ஏழுமலை தம்பியைப் பார்க்கவில்லை. தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன பாவம் செய்தேன்?

"அவன் கேட்டா தரேன்" என்றார் தாமு என்னிடம்.

"கேக்க சொல்லு, தரேன்னா கேக்கறேன்" என்றார் ஏழுமலை என்னிடம்.

"கேட்டுட்டாரு அண்ணே, தந்துட்டாரு அண்ணே" என்றேன் ரெண்டு பக்கமும் திரும்பி. சம்பந்தம் முடிந்தது. ஆனால் தாமு ஒரு நிபந்தனை போட்டார். ஸ்பீக்கர் அவர் பாகத்திலேயே இருக்கும், ஒயர் மட்டும் வரலாம். நடுவில் அவர் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். அண்ணன் ரொம்ப ஆடினால் அவர் அணைப்பார்.

அன்றைக்குத்தான் பாய் குரலை உயர்த்தி நான் கேட்டது. "ஸ்விட்ச் கூடாது! அணைச்சா ஒயர வெட்டின மாதிரிதான். டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். ஸ்பீக்கர் மாட்டாம இது ஒரு நிமிஷம்கூட ஓடக் கூடாது, சொல்லிட்டேன்."

தாமு பயந்து ஸ்விட்சை விட்டுவிட்டார். தன் ஸ்பீக்கர் இல்லாமல் அண்ணன் செட் செத்துவிடும் என்பதே அவருக்குப் போதுமான மரியாதையாக இருந்தது. பாய் வெட்டிய ஒயரைச் சேர்த்தார், பழையபடி பதினாறுக்கு மாற்றினார். ரெண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடின. தெருவில் போன ஷேர் ஆட்டோ ஒன்று மெதுவாகியது.

அப்போதுதான் கொத்தனார் எழுந்து, லுங்கியைத் தட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப செவுத்துல ஒயரு போறதுக்கு எடம் வுடணுமே. எவ்ளோ வுடட்டும் சார்? ஒரு வெரல் கட்டை போதுமா?"

விளக்குமாறு நின்றது. ஜெகதா அம்மா நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சலாகப் பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பஸ் வருமா வராதா என்று ரோட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

எனக்குப் பயம் வந்தால் ரெண்டு விதமாக வரும். ஒன்று, ஓடுவேன். இல்லாவிட்டால் பேசுவேன். ஓட வழியில்லாமல் குறுக்கே செங்கல் இருந்தது.

"ஒரு வெரலா? விளையாடறீங்களா? ஒரு ஆள் போயிட்டு வர்ற அளவுக்கு விடணும்!"

"ஒயருக்கு வாசலா?" என்றார் ஏழுமலை.

"ஒயருக்கு இல்லண்ணே, எனக்கு. இப்ப பாய் என்ன சொன்னாரு? ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணக் கூடாதுன்னாரு. நாளைக்கு அந்தப் பக்கம் ஒயரு கழண்டுகிட்டிருக்கும், இந்தப் பக்கம் நீங்க ஆன் பண்ணுவீங்க. சுத்து வழியா ரெண்டு கேட் தாண்டிப் போயி பாத்துட்டா வருவீங்க? இங்க நின்னா அங்க தெரியணும். அப்படியே நடந்து போயி தொட்டுப் பாக்கணும். அப்புறம் வால்வு சூடு வேற. காத்து வேணும். குறுக்குக் காத்து! ஆறடி ஒயரம், மூணடி அகலம். இதுல ஒரு அங்குலம் கொறஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

பேசி முடித்துப் பார்த்தால் என் ரெண்டு கையும் பாக்கெட்டில் இருந்தன. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பாய் பக்கம் திரும்பினார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"இன்னா பாய், இவன் சொல்றது நெஜமா?"

போச்சு என்று நினைத்தேன். இந்த மனுஷன் "பாடும்" என்று சொன்ன மாதிரி இப்போதும் ஒரே வார்த்தையில் என்னைக் கொத்தனார் கலவையில் புதைக்கப் போகிறார்.

பாய் சட்டைக் கையைப் பிரித்தார். ஒரு மடிப்பு. ரெண்டாவது மடிப்பு. "ரெண்டு ஸ்பீக்கரும் மாட்டியிருக்கான்னு கண்ணால பாத்துட்டுதான் ஆன் பண்ணணும். அது நெஜம்" என்றார். மூன்றாவது மடிப்பையும் பிரித்துவிட்டார். அதற்கு மேல் அந்த மெஷினைப் பற்றி அவர் பேச மாட்டார்.

கொத்தனார் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை, "காதுகுத்துக்கு முன்ன முடிச்சிடணும், இன்னா ஓட்ட வேணுமோ வுட்டுக்க" என்று கையை உதறினார். கொத்தனார் கரண்டியால் நடுவிலிருந்து செங்கல்களைப் பெயர்க்க ஆரம்பித்தார். மூணடி பெயர்ந்ததும் ஜெகதா அம்மா விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்த தன் கட்டிலைத் தரதரவென்று இழுத்து வந்தார். பாதி கட்டில் பெரியவன் பாகத்தில், பாதி கட்டில் சின்னவன் பாகத்தில், சரியாக அந்த இடைவெளியில் போட்டார். மேலே ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"சின்னம்மா, அது வழி" என்றார் தாமு.

"ஆமா, வழிதான். நான் இன்னா உன் பங்குலயா கீறேன்? வழியில கீறேன். தாண்டிப் போறவன் தாண்டிப் போ."

"அப்ப இந்த மாசம் சோறு யாரு வூட்ல?" என்று ஏழுமலை இழுத்தார்.

"தல அந்தப் பக்கம் கீது, காலு இந்தப் பக்கம் கீது. வாய் எந்தப் பக்கமோ அங்க கொண்டாந்து போடு" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நாதஸ்வரம் ரெண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பாய் என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார். முடிச்சூர் ரோடு முழுக்க லாரிப் புழுதி.

"பாய், தப்பா சொல்லிட்டேனா?"

"குறுக்குக் காத்து" என்றார் பாய். அவ்வளவுதான். ஒரு லாரி போய், இன்னொரு லாரியும் போன பிறகு சொன்னார்: "ஓம் பத்தி எவன் கேட்டாலும் நான் பொய் சொல்ல மாட்டேன். அது மெஷின் சமாச்சாரம், ஒருநாள் எரிஞ்சு காட்டிக் குடுத்துடும். கொத்து வேலை நமக்குத் தெரியாது."

தாம்பரம் வந்துவிட்டது. கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கி, புழுதியைத் தட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அந்த வாசலுக்குக் கதவு வெக்கச் சொன்னியா?"

"இல்ல பாய்."

"நல்லது. வெச்சா சாத்துவானுங்க."